தன்னையே கழித்துக்கொண்ட பெருக்கி

1928 ஆகஸ்ட் 8 அன்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் போனது. சிக்னலைப் பெரிதாக்கும் கருவி ஒன்றுக்கு உரிமை கேட்ட விண்ணப்பம். அது சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: முதலில், தேவைக்கு மேல் பல மடங்கு பெரிதாக்கும் ஒரு பெருக்கியைச் செய்யுங்கள். பிறகு அதிலிருந்து வெளியே வருவதில் ஒரு சிறு பங்கை எடுத்து, வாசலுக்கே திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே வருவதிலிருந்து கழித்துவிடுங்கள். பெருக்கம் பெரும்பகுதி போய்விடும். போகட்டும். மிஞ்சுவது சுத்தமாக இருக்கும்.

காப்புரிமை கிடைத்தது 1937 டிசம்பர் 21 அன்று. ஒன்பது வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. பிரிட்டனில் இதே விண்ணப்பத்தை, எரிபொருளே இல்லாமல் என்றென்றும் ஓடும் இயந்திரம் செய்துவிட்டேன் என்று வருபவர்களை நடத்துவதுபோல நடத்தினார்கள் என்று கண்டுபிடித்தவரே பின்னாளில் எழுதினார். அவர் பெயர் ஹரால்ட் பிளாக்.

மேதையை உலகம் புரிந்துகொள்ளவில்லை என்கிற வழக்கமான கதையாக இதைச் சொல்லிவிடலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. நம்ப மறுத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. அந்தத் துறையை நன்றாகத் தெரிந்தவர்கள். அவர்களுடைய சந்தேகத்துக்கு வலுவான காரணம் இருந்தது. அந்தக் காரணம் என்ன, அது எப்படி விலகியது என்பதுதான் இந்தக் கதையில் என்னை இழுக்கிற இடம்.

அடிப்படையிலிருந்து தொடங்கலாம். சிக்னல் என்றால் என்ன? பழைய டெலிபோனின் வாய்ப்பகுதியில் ஒரு மெல்லிய தகடு, அதற்குப் பின்னால் கரித்துகள்கள். நாம் பேசும்போது காற்று தகட்டை அமுக்கும், தகடு துகள்களை அமுக்கும். நெருங்கிய துகள்கள் வழியே மின்சாரம் எளிதாகப் பாயும், தளர்ந்தால் பாய்வது குறையும். ஆக, கம்பியில் ஓடும் மின்னோட்டம் நம் குரலோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. குரல் காற்றில் வரைந்த அதே கோட்டை மின்சாரம் கம்பியில் வரைகிறது. அந்தக் கோட்டின் வடிவம்தான் சிக்னல். அதன் உயரம் அவ்வளவு முக்கியமில்லை. உயரம் குறைந்தால் மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான். வடிவம் கெட்டால் சொல்லே கெட்டுவிடும்.

தூரம் போகப் போக உயரம் குறையும். தடித்த செப்புக் கம்பி போட்டுப் பார்த்தார்கள், வழியில் சுருள்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஓரளவுக்குமேல் முடியவில்லை. நடுவழியில் சோர்ந்துபோன சிக்னலைத் தூக்கி நிறுத்த ஒரு கருவி தேவைப்பட்டது. லீ டி ஃபாரஸ்ட் 1906இல் செய்த ஆடியான் என்ற வெற்றிடக் குழாய் அதற்கு வழி திறந்தது. நம்ம ஊரில் 'வால்வு ரேடியோ' என்று சொல்வோமே, அந்த வால்வுதான். ஒரு சிறிய மின்னழுத்தம் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். டி ஃபாரஸ்டின் குழாய் நம்பகமில்லாதது. பெல் நிறுவனத்தின் ஆய்வாளர் ஹரால்ட் ஆர்னால்ட் அதன் உள்ளிருந்த காற்றை இன்னும் நன்றாக வெளியேற்றி, டெலிபோனுக்கு ஏற்றதாக மாற்றினார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1915 ஜனவரி 25. நியூயார்க்கில் அலெக்சாண்டர் கிரகாம் பெல். சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய பழைய உதவியாளர் தாமஸ் வாட்சன். கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, ஏறத்தாழ 5,400 கிலோமீட்டர் கம்பி வழியே இருவரும் பேசினார்கள். 1876இல் பக்கத்து அறையிலிருந்த வாட்சனை அழைத்ததுபோல மறுபடியும் அழைத்தார் பெல். இப்போது வந்துசேர ஒரு வாரம் ஆகுமே என்றார் வாட்சன். பொதுமக்கள் பேசுவதற்கு முதல் மூன்று நிமிடத்துக்கு 20.70 டாலர். பணக்காரர்கள் மட்டுமே பேச முடிந்த தூரம் அது.

விலை குறைய ஒரே வழி, ஒரே கம்பியில் பல உரையாடல்களை அனுப்புவது. ஒவ்வொரு பேச்சையும் வெவ்வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றி, ரேடியோ நிலையங்கள் காற்றைப் பங்கிட்டுக்கொள்வதுபோல, கம்பியைப் பங்கிட்டுக்கொள்ளலாம். இந்த இடத்தில்தான் வால்வின் குணம் காலை வாரியது.

வால்வு நேர்மையான பெருக்கி அல்ல. உள்ளே வருவதை இரட்டித்தால் வெளியே வருவது சரியாக இரட்டிக்காது. கொஞ்சம் கூடும் அல்லது குறையும். கோடு வளையும். அப்படி வளையும்போது, உள்ளே இல்லாத புதிய அதிர்வெண்கள் வெளியே பிறக்கும். ஒற்றைப் பேச்சு என்றால் குரல் லேசாகக் கரகரக்கும், பொறுத்துக்கொள்ளலாம். பல பேச்சுகள் ஒன்றாகப் போகும்போது ஒருவர் பேச்சின் சிதறல் இன்னொருவர் காதில் விழும். உயர் அதிர்வெண்கள் கேபிளில் சீக்கிரம் தேய்வதால், சில கிலோமீட்டருக்கு ஒரு பெருக்கி வேண்டும். கண்டம் கடக்க நூற்றுக்கணக்கில்.

நூறு பெருக்கிகள் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் வெறும் 1 சதவீதம் கூடுதலாகப் பெருக்கினால், கடைசியில் சிக்னல் 2.7 மடங்காகிவிடும். ஒவ்வொன்றும் 1 சதவீதம் குறைத்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். வால்வோ 1 சதவீதத்துக்குள் நிற்கிற ஆள் இல்லை. சூடேறினால் மாறும், பேட்டரி இறங்கினால் மாறும், வயதானால் மாறும்.

ஹரால்ட் பிளாக் 1898இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1921இல் வொர்ஸ்டர் பாலிடெக்னிக்கில் படிப்பை முடித்துவிட்டு நேராக வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் பொறியியல் பிரிவில் சேர்ந்தார். 1925இல் அது பெல் ஆய்வகமாக மாறியது. சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே இந்தப் பிரச்சினையைக் கையிலெடுத்தார். எல்லோரையும் போலவே அவரும் வால்வைத் திருத்தும் முயற்சியில்தான் ஆரம்பித்தார். வால்வு அசையவில்லை.

1923இல் மின்பொறியியல் மேதை ஸ்டைன்மெட்ஸின் உரை ஒன்றைக் கேட்டுவிட்டு வந்து, கேள்வியையே மாற்றிப் போட்டார். வால்வு தப்பு செய்யட்டும். வெளியே வருவது என்பது சரியான சிக்னலும் தப்பும் சேர்ந்த கலவை. வெளியீட்டைச் சுருக்கி உள்ளீட்டின் அளவுக்குக் கொண்டுவந்து, உள்ளீட்டை அதிலிருந்து கழித்தால் தப்பு மட்டும் தனியாகக் கையில் கிடைக்கும். அதை இன்னொரு பெருக்கியால் பெரிதாக்கி, வெளியீட்டிலிருந்து கழித்துவிட்டால்?

வேலை செய்தது. ஆனால் இரண்டு பெருக்கிகளும் மிகத் துல்லியமாகப் பொருந்த வேண்டும். இரவும் பகலும் மணிக்கொரு தடவை யாராவது வந்து வால்வின் இழைக்குப் போகும் மின்னோட்டத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்ததாம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பேட்டரியின் அழுத்தத்தையும். மலையிலும் பாலைவனத்திலும் இருக்கப்போகும் நூற்றுக்கணக்கான பெருக்கிகளுக்கு இப்படி யார் காவல் இருப்பது?

நாலு வருஷம் போனது. 1927 ஆகஸ்ட் 2, செவ்வாய்க்கிழமை காலை. வேலைக்குப் போக ஹட்சன் ஆற்றைக் கடக்கும் லக்கவானா படகில் இருந்தார் பிளாக். எந்தத் தூண்டுதலால் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. திடீரென்று தோன்றியதை, கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே படமாக வரைந்து, சமன்பாட்டை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். ஆய்வகத்துக்குப் போனதும் சக ஊழியர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சமன்பாட்டைக் கணக்காகப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். நமக்கு வேண்டியது 100 மடங்கு பெருக்கம் என்று வைத்துக்கொள்வோம். பிளாக் 1,00,000 மடங்கு பெருக்கும் கருவியைச் செய்யச் சொல்கிறார். அதன் வெளியீட்டில் நூறில் ஒரு பங்கை எடுத்து, உள்ளே வருவதிலிருந்து கழிக்கிறார். கணக்குப் போட்டால் மொத்தப் பெருக்கம் 99.9 என்று வரும். இப்போது வால்வுக்கு வயதாகி, அதன் பெருக்கம் பாதியாக, 50,000 ஆகிவிட்டது. மொத்தப் பெருக்கம்? 99.8. உள்ளே பாதி உயிர் போய்விட்டது. வெளியே ஆயிரத்தில் ஒரு பங்குதான் மாற்றம்.

எப்படி? ஹேண்டில் பார் வளைந்த சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். அது இடப்பக்கம் இழுக்கும். பழகியவர் ஹேண்டிலைக் கொஞ்சம் வலப்பக்கம் பிடித்தே ஓட்டுவார். சைக்கிள் நேராகப் போகும். அதேபோல, வால்வு சிக்னலை ஒருபக்கம் வளைத்தால், திரும்பி வரும் பங்கும் அப்படியே வளைந்து வருகிறது. அதைச் சுத்தமான உள்ளீட்டிலிருந்து கழிக்கும்போது, வால்வுக்குள் நுழைவது எதிர்ப்பக்கம் வளைந்த சிக்னல். இரண்டு வளைவும் ஒன்றையொன்று அழிக்கின்றன. மணிக்கொரு தடவை ஆள் வந்து திருத்த வேண்டியதை, கருவி ஒவ்வொரு கணமும் தானே திருத்திக்கொள்கிறது. அந்த டிசம்பர் 29 அன்று, 4 முதல் 45 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில், திரிபை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டினார் பிளாக்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் நம்பவில்லை? ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ஆர்னால்ட், இதை விட்டுவிட்டு வழக்கமான பெருக்கியைச் செய்யச் சொன்னதாக பிளாக் எழுதியிருக்கிறார். ஆம், அதே ஆர்னால்ட். வால்வைச் செம்மையாக்கி 1915இன் அழைப்பைச் சாத்தியமாக்கியவர். பாகத்தைத் திருத்தி ஜெயித்தவரிடம் போய், பாகத்தைத் திருத்தவே வேண்டாம், அதன் பலத்தில் ஆயிரத்தில் 999 பங்கைத் தூக்கிப் போடலாம் என்று ஒருவர் சொன்னால் எப்படி இருந்திருக்கும்! ஆனால் மனத்தாங்கல் மட்டும் காரணமில்லை. எதிர்ப்புக்கு அறிவியல் காரணம் ஒன்று இருந்தது. அதை நீங்களும் காதால் கேட்டிருக்கிறீர்கள்.

கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரில் கொண்டுபோனால் 'கீ…' என்று ஊளையிடுமே, அதுதான். ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலி மைக்குக்குள் போய், பெரிதாகி, மறுபடி வந்து, மறுபடி போய், சுற்றிச் சுற்றி வளர்கிறது. டெலிபோன்காரர்கள் இதைப் 'பாடுவது' என்றார்கள். கம்பி பாட ஆரம்பித்தால் யாரும் பேச முடியாது. வெளியீட்டை உள்ளீட்டோடு இணைக்காதே, இணைத்தால் பாடும் என்பது அன்றைய துறையின் பாலபாடம்.

நான் கழிக்கத்தானே செய்கிறேன், கூட்டவில்லையே என்று பிளாக் பதில் சொல்லலாம். ஆனால் கழித்தல் எப்போதும் கழித்தலாகவே இருக்குமா?

டெப்போவில் பஸ்ஸை ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பின்னால் நிற்கும் கண்டக்டர் 'வரலாம் வரலாம்… லெஃப்ட்ல ஒடி' என்று குரல் கொடுப்பார். டிரைவர் கேட்டுத் திருத்துவார். அந்தக் குரல் மூன்று விநாடி தாமதமாக டிரைவரை அடைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'லெஃப்ட்' என்ற சொல் வந்து சேரும்போது பஸ் ஏற்கெனவே இடப்பக்கம் திரும்பியிருக்கும். டிரைவர் இன்னும் இடப்பக்கம் ஒடிப்பார். கண்டக்டர் பதறி 'ரைட்ல' என்பார். அதுவும் பிந்தி வரும். இருவருமே சரியாகத்தான் வேலை செய்கிறார்கள். பஸ் மட்டும் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து சுவரில் மோதும். தாமதமாக வந்த திருத்தம் புதிய தவறாகிவிடுகிறது.

இந்த வில்லங்கம் டெலிபோனுக்கு முன்பே, நீராவி இயந்திரங்களின் காலத்திலேயே தெரிந்திருந்தது. ஜேம்ஸ் வாட் 1788 வாக்கில் தன் இயந்திரத்தில் கவர்னர் என்ற அமைப்பைப் பொருத்தினார். சுழலும் தண்டில் தொங்கும் இரண்டு குண்டுகள். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலேறி, நீராவி வரும் வழியைக் குறைக்கும். வேகம் இறங்கினால் வழியைத் திறக்கும். இதுவும் பிளாக்கின் கழித்தல்தான், இரும்பில் செய்தது. ஆனால் சில கவர்னர்கள் வேகத்தை நிலையாக வைப்பதற்குப் பதில் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி அலைக்கழித்தன. வானியலாளர் ஜார்ஜ் ஏரி தொலைநோக்கியை நட்சத்திரத்தோடு சீராகத் திருப்ப இப்படியொரு கருவியை வைத்தார். அதுவும் நிலைகொள்ளாமல் ஆடியது. 1840இல் அதைப் பற்றி எழுதினார். 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கவர்னர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, ஆட்டம் எப்போது தானே அடங்கும், எப்போது வளரும் என்பதைச் சமன்பாடுகளின் வழியே கேட்டார். மின்காந்தக் கொள்கையைத் தந்த அதே மாக்ஸ்வெல். ஆனால் நியூயார்க்கில் டெலிபோன் செய்துகொண்டிருந்தவர்கள் நீராவி இயந்திரத்துக் கட்டுரையைத் தேடிப் படிக்கவில்லை. ஒரே பிரச்சினை, இரண்டு துறைகள், நடுவே அறுபது வருஷம்.

பிளாக்கின் பெருக்கியிலும் தாமதம் உண்டு. சிக்னல் சுற்றி வர மிகச் சிறிய நேரம் பிடிக்கும். மெதுவாக ஏறி இறங்கும் சிக்னலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் வேகமாக ஏறி இறங்கும் சிக்னலுக்கு, அந்தச் சிறு நேரத்துக்குள் அரைச் சுற்று முடிந்து, மேடு பள்ளமாகியிருக்கும். பள்ளத்தைக் கழிப்பது என்றால் கூட்டுவதுதானே! அந்த அதிர்வெண்ணில் கருவி ஊளையிடத் தொடங்கும். சந்தேகப்பட்டவர்கள் சுட்டிக்காட்டியது இதைத்தான். சுற்றி வரும் பெருக்கம் ஒன்றுக்கு மேல் போனால் பாடியே தீரும் என்று பாடநூல் சொன்னது. பிளாக்கின் சுற்றில் அது ஒன்றைவிடப் பல மடங்கு அதிகம். பாடவும் இல்லை. யார் சொல்வது சரி?

தீர்ப்புச் சொன்னவர் ஹாரி நைக்விஸ்ட். ஸ்வீடனில் 1889இல் பிறந்து, பதினெட்டு வயது வாக்கில் அமெரிக்கா வந்து, யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1932இல் அவர் எழுதிய கட்டுரை கேள்வியை ஒரு படமாக மாற்றியது. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் சிக்னல் சுற்றி வரும்போது எத்தனை மடங்காகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து, ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வையுங்கள். புள்ளிகளை இணைத்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். அந்தக் கோடு குறிப்பிட்ட ஒரு புள்ளியைச் சுற்றி வளைக்கிறதா என்று பாருங்கள். வளைத்தால் பாடும். வளைக்காவிட்டால் பாடாது, பெருக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. பாடநூல் விதி தவறு என்று இதனால் தெரிந்தது. ஆனால் ஆபத்து இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆபத்து எந்தப் பக்கம் இருக்கிறது, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அளக்கக் கற்றுக்கொடுத்தார். அந்த ஆய்வகத்தில் இருந்த ஹென்றிக் போடே, எவ்வளவு இடைவெளி விட்டால் பாதுகாப்பு என்பதை வடிவமைப்பு முறையாகவே வளர்த்தெடுத்தார்.

நம்பாதவர்கள் கேட்ட கேள்வி இல்லாமல் நைக்விஸ்டின் கோடு பிறந்திருக்காது என்று நினைக்கிறேன். பிளாக்கிடம் வேலை செய்யும் கருவி இருந்தது. அது ஏன் பாடவில்லை என்பதற்கான முழு விளக்கம் இல்லை. மறுத்தவர்களிடம் விதி இருந்தது. அந்த விதியை மீறி நிற்கும் கருவியை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1941இல் அமெரிக்காவில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்த முதல் கோஆக்சியல் கேபிள் அமைப்பில் ஒரே நேரத்தில் 480 உரையாடல்கள் போயின. இரண்டாம் உலகப் போரில் கவர்னர் மரபும் டெலிபோன் மரபும் ஒன்று சேர்ந்தன. பறக்கும் இலக்கைத் துரத்திப் பீரங்கியைத் திருப்பும் கருவிகளைப் பெல் ஆய்வகம் செய்தது. 1944இல் இங்கிலாந்தை நோக்கி வந்த வி-1 குண்டுகளை வீழ்த்தியதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. தொலைவில் இருக்கும் இருவரைப் பேசவைக்க வந்த கணக்கு, தொலைவிலேயே ஒன்றைச் சுட்டு வீழ்த்தவும் உதவியது. கணக்குக்கு நோக்கம் எது என்று தெரியாது.

பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு 741 என்ற எண் ஞாபகம் இருக்கும். எட்டுக் காலுள்ள கறுப்புப் பூச்சி மாதிரியான சில்லு. ஃபேர்சைல்ட் நிறுவனம் 1968இல் கொண்டுவந்தது. அதன் பெருக்கம் இரண்டு லட்சம் மடங்கு அளவில் இருக்கும், ஒவ்வொரு சில்லுக்கும் மாறும். யாரும் கவலைப்படுவதில்லை. வெளியே இரண்டு ரெசிஸ்டரைச் சொருகி, பத்து மடங்கோ நூறு மடங்கோ, வேண்டிய பெருக்கத்தை எடுத்துக்கொள்கிறோம். படகில் வரைந்த படம்தான் அது. ரெக்கார்டு நோட்டில் அதை வரைந்த பலருக்கு அந்தப் படகைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த இரண்டு ரெசிஸ்டர்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெருக்கி தப்பு செய்யலாம், கிழடாகலாம், பாதி பலம் இழக்கலாம். சுற்று அதைத் திருத்திக்கொள்ளும். ஆனால் வெளியீட்டிலிருந்து பங்கைத் திருப்பிக் கொண்டுவரும் பாகம் தப்பு செய்தால் திருத்த ஆளில்லை. அங்கே ஒரு சதவீதம் பிசகினால் முடிவிலும் கிட்டத்தட்ட ஒரு சதவீதம் பிசகும். முன்னே சொன்ன கணக்கில், பெருக்கி பாதியானபோது 99.9 என்பது 99.8 ஆனது. திருப்பித் தரும் பங்கு பாதியானால் பெருக்கம் 200 பக்கம் போய்விடும். அதனால்தான் பலமே இல்லாத, எதையும் பெரிதாக்கத் தெரியாத, சும்மா இருக்கும் ஒரு ரெசிஸ்டரிடம் அந்த வேலையைக் கொடுக்கிறார்கள். அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: வந்ததை, வந்த விகிதத்தில், உடனே திருப்பிச் சொல்வது.

பலமானவர் யோக்கியமாக இருக்க வேண்டும் என்று இந்தக் கருவி எதிர்பார்ப்பதில்லை. அவர் செய்ததை அவரிடமே உள்ளபடி, காலம் தாழ்த்தாமல் எடுத்துச் சொல்லும் ஒரு சிறியவர் போதும் என்கிறது. அந்தச் சிறியவரின் சொல்லைக் கேட்க, பலமானவர் தன் பலத்தில் பெரும்பகுதியை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். ஒன்பது வருஷம் நம்ப முடியாமல் இருந்தது இந்த ஏற்பாட்டைத்தான்.